மீட்டர் சொல்லும் கணக்கும் வண்டி சொல்லும் கணக்கும்

தோட்டப்புறத்தில் வாழும் குடும்பத்திற்கு மோட்டார் கார் இன்று ஆடம்பரப் பொருள் அன்று. பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பவும், முதிர்ந்த பெற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், மழை நாளில் பட்டணம் சென்று வீட்டுச் சாமான்களை வாங்கி வரவும் அது தேவைப்படுகிறது. பேருந்து ஓடும் பெருஞ்சாலையிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே தள்ளி அமைந்துள்ள தோட்டங்களில் இத்தேவை இன்னும் மிகுதி. புதிய கார் வாங்கும் வசதி எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. ஆகவே நம்மில் பெரும்பாலோர் பழைய காரையே நாடுகிறோம். அதில் தவறொன்றும் இல்லை. நன்கு பேணப்பட்ட பழைய கார் இன்னும் பல்லாண்டுகள் உழைக்கும்.

ஆயினும், வாங்குவதற்கு முன் ஒரு கணக்கை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதத்திற்கு 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டு மாதங்களுக்கு அது 20,400 வெள்ளி. அப்படியானால், 20,000 வெள்ளிக்கு வாங்கும் ஒரு பழைய கார், குறைந்தபட்சச் சம்பளம் பெறும் ஒருவரின் ஓராண்டு உழைப்பு முழுவதையும் விழுங்கிவிடுகிறது. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டோடு இருட்டாக மரம் வெட்டச் சென்ற முந்நூறு விடியற்காலைகளின் பயன் அது. அத்தகைய பணத்தை, மீட்டரில் தெரியும் ஓர் எண்ணை மட்டும் நம்பி, அரை மணி நேரத்தில் கொடுத்துவிடலாமா?

பழைய கார் வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, "வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். மைல் கணக்கு மாறிக் கிலோமீட்டர் கணக்கு வந்த பின்னும் இதனை நாம் 'மைலேஜ்' என்றே வழங்குகிறோம். எண் குறைவாக இருந்தால் விலை ஏறுகிறது. கூடுதலாக இருந்தால் விலை இறங்குகிறது. ஆதலால் அந்த எண்ணைக் குறைத்துக் காட்டுவதில் சிலருக்கு ஆதாயம் இருக்கிறது. அந்த எண்ணை எவ்வாறு சோதித்து அறிவது என்பதே இப்பாடத்தின் நோக்கம்.

மரத்தைப் படிக்கும் கண்

இந்தச் சோதனை நமக்குப் புதிய கலை அன்று. பால்மரத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு மரம் எத்தனை ஆண்டுகள் வெட்டப்பட்டது என்பதை எவரும் அதன்மேல் எழுதி வைப்பதில்லை. ஆயினும், அனுபவமிக்க தொழிலாளி மரத்தருகே சென்று நின்றதும் அதன் வரலாற்றைக் கூறிவிடுகிறார். வெட்டுக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறது, இப்போது வெட்டப்படுவது முதற்பட்டையா அல்லது மீண்டும் வளர்ந்த பட்டையா, பட்டை எவ்வளவு பருமனாக உள்ளது, கத்தி ஆழமாகப் பட்ட காயங்கள் முண்டும் முடிச்சுமாக நிற்கின்றனவா என்று அவர் பார்க்கிறார். பல அடையாளங்களும் ஒன்றையே கூறினால் அதனை நம்புகிறார். மீண்டும் வளர்ந்த பட்டை உள்ள மரத்தைக் காட்டி, "இது சென்ற ஆண்டுதான் முதன்முதலாக வெட்டப்பட்டது" என்று எவரேனும் கூறினால் அவர் நகைப்பார்.

காரும் அத்தகையதே. மீட்டரில் உள்ள எண் ஒரு சாட்சி. வண்டியின் ஏடுகள் மற்றொரு சாட்சி. வண்டியின் உடல் மூன்றாவது சாட்சி. மூன்றும் ஒத்துப்போனால் நாம் அந்த எண்ணை ஏற்கலாம். ஒத்துப்போகாவிடில், மீட்டரை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் நம்புவதே அறிவுடைமை. ஏனெனில், மூன்று சாட்சிகளிலும் எளிதில் மாற்றக்கூடியது மீட்டர்தான்.

மீட்டர் இயங்கும் முறை

பழங்காலக் கார்களில் மீட்டர் முழுவதும் இயந்திர முறையில் இயங்கியது. கியர் பெட்டியிலிருந்து ஒரு கம்பி வடம் மீட்டர் வரை செல்லும். சக்கரம் சுழலும்போது வடமும் உள்ளே சுழன்று, எண்கள் பொறித்த சிறு உருளைகளைத் திருப்பும். இவற்றில் சிலவற்றில் ஐந்து இலக்கங்களே இருந்தன. 99,999-ஐத் தாண்டியதும் எண் மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். ஆதலால் அத்தகைய மீட்டரில் 43,000 என்று இருந்தால் அது 143,000 ஆகவும் இருக்கலாம். வடத்தைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், கணக்கு ஓடாது. மீட்டரைப் பிரித்து உருளைகளைக் கையால் திருப்பியவர்களும் உண்டு. அவ்வாறு திருப்பிய மீட்டரில் எண்கள் ஒரே வரிசையில் நில்லாமல் மேலும் கீழுமாக நிற்கக் காணலாம். மீட்டர் பலகையின் திருகாணிகளில் கீறல்களும் இருக்கலாம்.

இக்காலக் கார்களில் உருளையும் இல்லை, வடமும் இல்லை. சக்கரத்தின் சுழற்சியை ஓர் உணர்கருவி மின்குறிப்பாக அனுப்புகிறது. கணக்கு ஒரு சிறிய மின்னணுச் சில்லில் பதிவாகிறது. திரையில் தெரியும் எண் எப்போதும் நேராகவே நிற்கும். இதனைக் கண்டு, "மின்னணு மீட்டரை எவராலும் மாற்ற முடியாது" என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மை அன்று. உரிய கருவியை வண்டியின் இணைப்பில் பொருத்திச் சில்லில் உள்ள எண்ணை மாற்றிவிட இயலும். திருகாணியில் கீறலும் விழாது. ஆகவே, இலக்கங்கள் நேராக நிற்பதைக் கொண்டு மட்டும் எதனையும் முடிவு செய்தல் ஆகாது.

எனினும் ஒரு நன்மை உண்டு. பல புதிய வகைக் கார்களில் ஓடிய தூரம் மீட்டரில் மட்டுமன்றி வேறு சில கட்டுப்பாட்டுக் கருவிகளிலும் பதிவாகிறது. மீட்டரில் மாற்றியவர் அவற்றை மறந்திருக்கலாம். சோதனைக் கருவி வைத்துள்ள பட்டறையில் இதனைப் பார்க்கச் சொல்லலாம். எல்லா வகைக் கார்களிலும் இவ்வசதி இல்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

முதற்கணக்கு: ஆண்டும் தூரமும்

மீட்டரைப் பார்த்ததும் நாம் செய்ய வேண்டியது ஒரு வகுத்தல் கணக்கு. ஓடிய தூரத்தை வண்டியின் வயதால் வகுக்க வேண்டும். நம் நாட்டில் சொந்த உபயோகத்திற்கு ஓடும் கார், ஆண்டொன்றுக்கு 15,000 முதல் 20,000 கிலோமீட்டர் வரை ஓடும் எனப் பொதுவாகக் கொள்வது வழக்கம். இது சட்டம் அன்று, அளவுகோல் மட்டுமே.

பத்து ஆண்டுகள் ஆன கார் ஒன்றின் மீட்டரில் 72,000 என்று இருப்பதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 7,200, மாதத்திற்கு 600, நாளொன்றுக்கு 20 கிலோமீட்டர். இது நடவாத காரியம் அன்று. பள்ளிக்கு அருகிலேயே குடியிருந்த ஓர் ஆசிரியர் இவ்வளவே ஓட்டியிருக்கலாம். ஆனால், அவ்வண்டியின் உரிமையாளர் சிரம்பானில் குடியிருந்து நாள்தோறும் கோலாலம்பூருக்கு வேலைக்குச் சென்றவர் என்றால் கணக்கு வேறாகிறது. ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 65 கிலோமீட்டர். போக வர 130. மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு 2,860. ஓராண்டிற்கு 34,000-க்கும் மேல். பத்து ஆண்டு வேண்டாம். மூன்றே ஆண்டுகளில் அவ்வண்டி ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும்.

ஆகவே, "எத்தனை கிலோமீட்டர்?" என்ற கேள்வியோடு நாம் நின்றுவிடலாகாது. "முன்பு வைத்திருந்தவர் எங்கே குடியிருந்தார்? எங்கே வேலை செய்தார்? வீட்டில் வேறு கார் இருந்ததா? வாடகைக்கோ பயணிகளை ஏற்றிச் செல்வதற்கோ வண்டி ஓடியதா?" என்றும் கேட்க வேண்டும். விற்பவர் பொய் சொல்லக்கூடும். ஆனால், நான்கு கேள்விகளுக்கு நான்கு பொய்களை ஒன்றோடொன்று முரண்படாமல் சொல்வது எளிதன்று.

வயதைக் கணக்கிடும்போது பதிவு ஆவணத்தைப் பார்க்க வேண்டும். வண்டி தயாரிக்கப்பட்ட ஆண்டு, பதிவு செய்யப்பட்ட நாள், என்ஜின் எண், சட்ட எண் ஆகியன அதில் உள்ளன. தயாரித்த ஆண்டும் பதிவு செய்த ஆண்டும் எப்போதும் ஒன்றாக இரா. வெளிநாட்டில் ஓடிப் பின்னர் இங்குக் கொண்டுவரப்பட்ட வண்டியாயின் இரண்டிற்கும் இடையே சில ஆண்டுகள் இருக்கலாம்.

ஏடுகள் கூறும் சாட்சி

வண்டியோடு சேவைப் புத்தகத்தையும் கேட்டு வாங்குதல் வேண்டும். எண்ணெய் மாற்றிய ஒவ்வொரு முறையும் நாளும் கிலோமீட்டரும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அவற்றை வரிசையாகப் படித்தால் எண் படிப்படியாக ஏறிவர வேண்டும். இடையில் ஏறாமல் இறங்கினால் காரணம் கேட்க வேண்டும். பல ஆண்டுகளின் முத்திரைகள் யாவும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஒரே நாளில் எழுதியவை போல் தோன்றினால் அப்புத்தகத்தையும் ஐயுற வேண்டும்.

புத்தகம் தொலைந்துவிட்டது என்று விற்பவர் கூறலாம். அதனோடு கதை முடிந்துவிடுவதில்லை. புரோட்டோன், பெரோடுவா போன்ற நிறுவனங்களின் சேவை நிலையங்களில் பராமரிக்கப்பட்ட வண்டியாயின் அங்குப் பதிவுகள் இருக்கும். தற்போதைய உரிமையாளரையே உடன் அழைத்துச் சென்று விவரம் கேட்கலாம். நேர்மையான விற்பனையாளர் இதற்கு மறுப்புச் சொல்ல வேண்டிய காரணம் இல்லை. பட்டறை ரசீதுகள், டயர் வாங்கிய ரசீது, மின்கலம் மாற்றிய ரசீது ஆகியவற்றிலும் பெரும்பாலும் கிலோமீட்டர் எழுதப்பட்டிருக்கும். ஒரே ஒரு பழைய ரசீது முழு உண்மையையும் வெளிப்படுத்திவிடலாம்.

இவற்றோடு, வண்டியில் ஒட்டப்பட்டுள்ள சிறு தாள்களையும் தேட வேண்டும். எண்ணெய் மாற்றும் பட்டறையினர், அடுத்த முறை எந்தக் கிலோமீட்டரில் வர வேண்டும் என்று எழுதிக் கண்ணாடியின் மூலையிலோ கதவுத் தூணிலோ ஒட்டி வைப்பர். கண்ணாடியில் உள்ளதை எடுத்துவிடுபவர், கதவைத் திறந்தால் மட்டுமே தெரியும் இடத்தில் உள்ளதை மறந்துவிடுவதுண்டு. என்ஜினில் 'டைமிங் பெல்ட்' மாற்றிய கிலோமீட்டரையும் அதன் மூடியின்மீது எழுதி ஒட்டும் வழக்கம் உண்டு.

மீட்டர் பழுதாகி மாற்றப்பட்டது என்று விற்பவர் தாமாகவே கூறினால் அவரை உடனே குற்றவாளியாகக் கருத வேண்டியதில்லை. மீட்டரும் பழுதாகும் பொருளே. எப்போது மாற்றப்பட்டது, அப்போது பழைய மீட்டரில் என்ன எண் இருந்தது என்பதற்கு ரசீதைக் காட்டும்படி கேட்க வேண்டும்.

வண்டியின் உடல் கூறும் சாட்சி

இனி வண்டியைச் சுற்றி வருவோம். இதற்குப் பகல் வெளிச்சம் வேண்டும். மாலை மங்கிய பின்னரோ மழை பெய்யும்போதோ வண்டி பார்த்தல் கூடாது. இருக்கை உறை, சக்கர உறை, தரைவிரிப்பு ஆகியவற்றை நீக்கிப் பார்க்க இசைவு கேட்க வேண்டும்.

முதலாவது, மிதிகள். பிரேக் மிதியின் இரப்பரில் உள்ள வரிகள் நாளடைவில் தேய்ந்து வழுவழுப்பாகும். மீட்டரில் 40,000 இருக்க, மிதியின் இரப்பர் ஒரு பக்கம் கரைந்து உலோகம் தெரிந்தால் இரண்டில் ஒன்று பொய். மற்ற உட்பகுதிகள் யாவும் பழையனவாக இருக்க, மிதி இரப்பர் மட்டும் புத்தம் புதியதாக இருந்தாலும் ஏன் என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, ஸ்டியரிங் சக்கரமும் கியர் தண்டின் குமிழும். கை படும் இடங்கள் மினுமினுப்பாகித் தோல் உரியும். கத்தியின் பிடி எவ்வாறு கைப்பட்டு வழுவழுப்பாகிறதோ அவ்வாறே இதுவும்.

மூன்றாவது, ஓட்டுநரின் இருக்கை. நாம் வலப்புறக் கதவு வழியாக ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு முறையும் இருக்கையின் வலப்பக்க ஓரத்தில் உடல் உராய்கிறது. அவ்வோரம் அமுங்கித் தளர்ந்திருக்கிறதா என்று கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பக்கத்து இருக்கையோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். ஓட்டுநர் கதவைப் பாதி திறந்து மெல்ல மேலே தூக்கிப் பார்க்கலாம். கீல்கள் தேய்ந்திருந்தால் கதவு ஆடும்.

நான்காவது, டயர்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். முதல் இரண்டும் வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரிக்கப்பட்டது என்று பொருள். மூன்று ஆண்டுகளே ஆன கார், 25,000 கிலோமீட்டரே ஓடியதாகச் சொல்லப்படும் கார், அதற்குள் நான்கு டயர்களையும் மாற்றியிருந்தால் காரணம் கேட்க வேண்டும். ஆயினும், பல ஆண்டுகள் ஆன வண்டியில் தூரம் குறைவாயினும் டயர் வயதினால் இறுகி வெடித்து மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் மறத்தல் கூடாது.

ஐந்தாவது, பிரேக் தட்டுகள். சக்கரத்தின் இடைவெளி வழியாகப் பார்த்தால் பளபளப்பான உலோகத் தட்டு தெரியும். அதன் விளிம்பில் விரல் நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வரம்பு எழும்பியிருந்தால், தட்டு நெடுங்காலம் தேய்ந்துள்ளது என்று அறியலாம். வண்டி ஓடி நின்றவுடன் தட்டு கொதிக்கும் சூட்டில் இருக்கும். ஆறிய பின்னரே தொட வேண்டும்.

இவற்றுள் எந்த ஒன்றையும் தனியே வைத்துத் தீர்ப்புச் சொல்லலாகாது. மிதி இரப்பரை மாற்றலாம்; இருக்கையைப் புதிதாகத் தைக்கலாம்; டயரை மாற்றலாம். ஆனால், எல்லாவற்றையும் மாற்றி வைக்க எவருக்கும் கட்டுப்படியாகாது. அதுவே நமக்குத் துணை.

கிலோமீட்டரும் மணிக்கணக்கும்

மீட்டரின் எண் மெய்யானது என்றே தெளிந்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. மீட்டர் சக்கரம் உருண்ட தூரத்தை எண்ணுகிறதே அன்றி, என்ஜின் உழைத்த நேரத்தை எண்ணுவதில்லை.

ஒரு கார் 100,000 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே, மணிக்குச் சராசரி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முடித்தது என்றால், அதன் என்ஜின் உழைத்தது 1,250 மணி நேரம். மற்றொரு கார் அதே தூரத்தைப் பட்டண நெரிசலில், மணிக்குச் சராசரி 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓடி முடித்தால், அதன் என்ஜின் உழைத்தது 5,000 மணி நேரம். எண் ஒன்றே, உழைப்போ நான்கு மடங்கு. பிரேக்கும் கியரும் நெரிசலில் ஓடும் வண்டியிலேயே மிகுதியாகத் தேயும்.

தோட்டப் பாதையில் ஓடிய வண்டிக்கு வேறொரு கணக்கு உண்டு. செம்மண் தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைக்கும். குண்டும் குழியுமான பாதை அதிர்வு தாங்கிகளையும் மூட்டுகளையும் ஆட்டம் காணச் செய்யும். தூரம் குறைவாயினும் அடிப்பாகம் தளர்ந்திருக்கும்.

மிகக் குறைவாக ஓடிய வண்டிக்கும் குறை உண்டு. இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்கும் வண்டியில் என்ஜின் முழுச் சூடு அடைவதற்குள் நிறுத்தப்பட்டுவிடுகிறது. நீராவியும் எரிபொருளும் எண்ணெயோடு கலந்து அதன் தன்மையைக் கெடுக்கின்றன. மாதக்கணக்கில் அசையாமல் நின்ற வண்டியில் மின்கலம் இறந்துபோகும். இரப்பர்க் குழாய்கள் இறுகும். ஆகவே, குறைந்த எண்ணே சிறந்த வண்டி என்னும் எண்ணத்தை நாம் கைவிட வேண்டும்.

ஒரு பயிற்சி

இதுவரை கற்றதை ஓர் எடுத்துக்காட்டினால் சோதித்துப் பார்ப்போம். ஒரே வகையைச் சேர்ந்த, பத்து ஆண்டுகள் ஆன இரு கார்கள் விற்பனைக்கு உள்ளன. முதற்காரின் மீட்டரில் 72,000. விலை 20,000 வெள்ளி. இரண்டாவது காரின் மீட்டரில் 168,000. விலை 18,000 வெள்ளி.

முதற்கார் பளபளவென்று மெருகேற்றப்பட்டிருக்கிறது. சேவைப் புத்தகம் இல்லை. ஸ்டியரிங் சக்கரத்திற்குப் புதிய உறை போடப்பட்டிருக்கிறது. உறையை நீக்கினால் தோல் உரிந்து காணப்படுகிறது. பிரேக் மிதியின் ஓரம் கரைந்துள்ளது. கதவுத் தூணில், "அடுத்த சேவை 135,000" என்று ஒரு பழைய தாள் ஒட்டியிருக்கிறது.

இரண்டாவது காரின் வண்ணம் சற்று மங்கியிருக்கிறது. சேவைப் புத்தகம் முழுமையாக உள்ளது. ஆண்டுக்கு 16,800 என்னும் கணக்கு வழக்கமான அளவோடு பொருந்துகிறது. என்னென்ன உறுப்புகள் எப்போது மாற்றப்பட்டன என்பதற்கு ரசீதுகள் இருக்கின்றன. மிதியும் இருக்கையும் 168,000 கிலோமீட்டருக்கு உரிய தேய்மானத்தையே காட்டுகின்றன.

எதனை வாங்குவது? கண் முதற்காரை நாடும். கணக்கு இரண்டாவது காரையே நாடும். முதற்கார் எவ்வளவு ஓடியது என்பதை எவராலும் சொல்ல இயலாது. 72,000 அன்று என்பது மட்டும் உறுதி. ஓடிய தூரம் தெரியாவிடில், எந்த உறுப்பு எப்போது தேயும் என்பதும் தெரியாது. கையேட்டில் குறித்துள்ள தூரத்தில் டைமிங் பெல்ட் மாற்ற வேண்டிய வண்டியாயின் ஆபத்து இன்னும் பெரிது. இன்னும் காலம் இருக்கிறது என்று நம்பி ஓட்டும்போது அது அறுந்தால், பல என்ஜின்களில் உள்ளுறுப்புகள் மோதி உடையும். நள்ளிரவில் நோயாளியை ஏற்றிக்கொண்டு போகும் வழியில் அது நிகழ்ந்தால் இழப்பு பணத்தோடு நின்றுவிடுமா? இரண்டாவது காரிலோ நாம் வாங்குவது இன்னதென்று தெரிந்து வாங்குகிறோம். மீதமாகும் 2,000 வெள்ளியை டயருக்கும் பழுதுபார்ப்பிற்கும் ஒதுக்கி வைக்கலாம்.

சட்டத்தின் துணை

கார் வணிகர் மீட்டரைப் பற்றிப் பொய் கூறி விற்றால் சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பொருளைப் பற்றி உண்மைக்கு மாறாகக் கூறி விற்பதைத் தடை செய்கிறது. 2011-ஆம் ஆண்டின் வாணிப விவரிப்புச் சட்டத்தின்படியும் பொய்யான விவரம் கூறி விற்பது குற்றமாகும்.

இழப்பீடு கோர மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அம்மன்றம் விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 வெள்ளி மட்டுமே. வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டியதில்லை. கோரிக்கை எழுந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடமும் புகார் செய்யலாம்.

இவை யாவும் வணிகரிடம் வாங்கியவர்களுக்கே பொருந்தும். பக்கத்துத் தோட்டத்து நண்பரிடமோ வேறு தனியாரிடமோ வாங்கிய காருக்காக அம்மன்றத்தை நாட இயலாது, நீதிமன்றமே வழி. ஆகவே, தனியாரிடம் வாங்கும்போது இரு மடங்கு விழிப்புத் தேவை.

எவரிடம் வாங்கினும் எழுத்தில் பெறுதல் நன்று. விற்பனைத் தாளில் மீட்டரின் எண்ணையும், அது மெய்யானது என்னும் வாக்கையும் எழுதிக் கையொப்பமிடச் சொல்ல வேண்டும். எழுத மறுப்பவரின் மறுப்பே ஒரு விடை. விளம்பரத்தையும், மீட்டரின் படத்தையும், முன்பணம் கொடுத்த ரசீதையும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். வாய்ச்சொல்லை மன்றத்தில் காட்ட இயலாது; தாளைக் காட்டலாம்.

உரிமை மாற்றத்திற்காக நடைபெறும் பரிசோதனையில் வண்டி தேறிவிட்டது என்பதைக் கொண்டு, மீட்டரும் மெய் என்று கொள்ளுதல் கூடாது. அப்பரிசோதனை வண்டியின் அடையாளத்தையும் நிலைமையையும் நோக்குவது. ஓடிய தூரத்திற்கு அது பிணை நிற்பதில்லை.

வாங்கும் நாளில்

கார் பார்க்கச் செல்லும் நாளில் கையில் முன்பணம் கொண்டு செல்லாமல் இருப்பது நலம். "இன்றே கொடுக்காவிட்டால் வேறொருவர் எடுத்துப் போய்விடுவார்" என்று சொல்லப்படும்போது, கையில் பணம் இருந்தால் மனம் தடுமாறும். விற்பவரோடு தொடர்பில்லாத, நமக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு நாள் கூலியை அவருக்குக் கொடுப்பது ஓராண்டு ஊதியத்தைக் காக்கும் காப்புறுதி எனலாம். வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொண்டு, சாலையோரக் கிலோமீட்டர் கற்களோடு ஒப்பிட்டு அது முறையாக ஓடுகிறதா என்றும் பார்க்கலாம்.

தவணை முறையில் வாங்குவோர் ஒன்றை மறத்தல் கூடாது. வண்டி பட்டறையில் படுத்துவிட்டாலும் மாதத் தவணை படுப்பதில்லை. ஓடாத காருக்கும் பணம் கட்டியே தீர வேண்டும்.

வாங்கிய பின்னர் நாமும் ஒரு புத்தகம் வைத்து, எண்ணெய் மாற்றிய நாளையும் கிலோமீட்டரையும் எழுதி வருவோமாக. நாளை நாம் அக்காரை விற்கும்போது, வாங்க வருபவரும் நம்மைப் போல் உழைத்துச் சேர்த்த பணத்தோடுதான் வருவார். அவர் கையில் அந்தப் புத்தகத்தைக் கொடுத்து, மீட்டரில் உள்ளதை உள்ளபடி காட்டி விற்போம். எண் கூடுதலாக இருப்பதில் இழிவு ஒன்றும் இல்லை. அது வண்டி உழைத்ததற்கு அடையாளம்.